மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் தீருமா?

வாசகர் கேள்வி:

“வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பெரம்பூரில் குடியிருக்கிறேன், வயது 44. வியாசர்பாடியில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தேன். கொரோனாவில் விழுந்த தொழில், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கடையை மூடிவிட்டு ஒரு பிரஸ்ஸில் சம்பளத்துக்குப் போகிறேன். வீட்டுக்கடன் 21 லட்சம் பாக்கி, இரண்டு தவணை கட்டவில்லை. அதில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பேங்க் பர்சனல் லோன் 6 லட்சம். ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 5 லட்சம், அதற்கு மச்சான் ஜாமீன். இரண்டு கிரெடிட் கார்டில் 2.8 லட்சம். இது போக ஏரியாவில் வட்டிக்கு விடும் ஒருவரிடம் 4 லட்சம், மாதம் 5 ரூபாய் வட்டி. 26 மாதம் வட்டி கட்டினேன். புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுச் செக்கும் அவரிடம் இருக்கின்றன. நோட்டு எழுதி இரண்டேமுக்கால் வருடம் ஆகிறது. இப்போது ‘புதுசா நோட்டு எழுதிக் கொடு’ என்று நெருக்குகிறார்.

கலெக்‌ஷன் ஆட்கள் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்து தலைமை ஆசிரியையிடம் பேசியிருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போவாய் என்கிறார்கள். தெரிந்த ஒருவர், ‘ஐம்பதாயிரம் செலவு பண்ணு, ஐ.பி. கொடுத்துடலாம், மொத்தக் கடனும் போயிடும், யாருக்கும் தெரியாது. அதுக்கு முன்னாடி ஃபிளாட்டைத் தம்பி பேருக்கு மாத்திடு’ என்கிறார். கொடுத்துவிடட்டுமா? தூக்கமே இல்லை. சில ராத்திரி வேறு மாதிரி யோசனைகூட வருகிறது.”

பதில்:

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த யோசனை வரும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் கடன் முழுவதையும் இரண்டு முறை படித்துவிட்டேன். பெரிய கடன்தான். ஆனால் வழியே இல்லாத கடன் இல்லை. உங்கள் விஷயத்தில் சட்டத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. இப்போது நீங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதைத் தள்ளிப்போட்டுக் கொண்டிருக்கிறீர்கள்.

ஐ.பி. கதையை முதலில் முடித்துவிடுவோம்.

ஊரில் மஞ்சள் கடுதாசி, ஐ.பி. என்றெல்லாம் சொல்வது, கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனுவைத்தான். சென்னை மாநகருக்குள் குடியிருப்பவர்களுக்கு, வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா என்ற மூன்று நகரங்களுக்கு மட்டும் போட்ட 1909-ஆம் ஆண்டுத் திவால் சட்டம்தான் இன்றைக்கும் பொருந்தும். மனுவை உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பற்றி யூடியூபில் நிறையப் பேசுகிறார்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதியை மத்திய அரசு இன்னும் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் பொருந்துகிறது. உங்களைப் போன்ற சொந்தக் கடை, சம்பளக்காரர் கதைக்கு அது இல்லை. ஏழைக் கடனாளிக்குப் ‘புதுத் தொடக்கம்’ தரும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 60,000-ஐத் தாண்டக் கூடாது, சொந்த வீடு இருக்கக் கூடாது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் உங்களுக்கு ஒத்துவராது.

ஆக இருப்பது 1909 சட்டம். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இருப்பதால், ரொம்பச் சுலபம் என்று உங்களுக்குத் தெரிந்தவர் சொல்கிறார். மனுப் போடுவது சுலபம்தான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்த அன்றே உங்கள் சொத்து முழுவதும் அஃபிஷியல் அசைனி என்ற கோர்ட் அதிகாரியின் கைக்குப் போய்விடும். அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரிப்பார். உங்களுக்கென்று விட்டுவைப்பது தொழில் கருவி, துணிமணி, பாய் படுக்கை, சமையல் பாத்திரம். அதற்கும் 300 ரூபாய் என்ற உச்சவரம்பு இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அறிவிப்பு அரசிதழில் வெளிவரும். யாருக்கும் தெரியாமல் முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கடன்காரர்கள் முன்னிலையில் பகிரங்க விசாரணை நடக்கும். கடைக் கணக்கைக் கொண்டுவரச் சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு ஒழுங்கான கணக்குப் புத்தகம் இல்லை என்பதே உங்களுக்கு விடுதலை மறுக்கவோ தள்ளிப்போடவோ ஒரு காரணமாகலாம். ஆமாம், கடனிலிருந்து ‘விடுதலை’ என்று தனியாக ஒரு உத்தரவு வாங்க வேண்டும். அது வரும்வரை நீங்கள் புதிதாகச் சம்பாதித்துச் சேர்க்கும் சொத்தும் அசைனி கைக்குத்தான். நான் திவாலானவன் என்று சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம். இப்படி இழுத்துக்கொண்டு பல வருடம் கிடக்கிறவர்கள் உண்டு.

இவ்வளவும் பட்டுவிட்டு, உங்கள் மிகப் பெரிய கடனில் ஒரு ரூபாய் கூடக் குறையாது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன்காரர் திவால் சட்டத்துக்கு வெளியே நின்று வீட்டை விற்றுக்கொள்ளலாம். அந்த உரிமையை 1909 சட்டம் தொடவில்லை. மச்சானுக்கும் விடிவு கிடையாது. நீங்கள் விடுதலை வாங்கினால்கூட ஜாமீன்தாரர் விடுதலையாவதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. பைனான்ஸ் கம்பெனி நேராக அவரிடம் போகும். செக் கேஸ் கிரிமினல் வழக்கு. திவால் மனு அதை நிறுத்தாது. மிஞ்சுவது பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, கைக்கடன். அதற்காக இந்த விலை அதிகம். உங்கள் நிலைமையில் ஐ.பி. வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

தம்பி பேருக்கு ஃபிளாட்டை மாற்றும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். மூலப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, அவர்கள் சம்மதம் இல்லாமல் மாற்றினால் அது தனிப் பிரச்சினை. திவால் அறிவிப்புக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் உரிய விலையும் நல்லெண்ணமும் இல்லாமல் எழுதிக் கொடுத்ததை அசைனி ரத்து செய்ய வைக்கலாம். திவாலே ஆகாவிட்டாலும், கடன்காரரை ஏமாற்ற எழுதிய பத்திரத்தை சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் எந்தக் கடன்காரரும் கேள்வி கேட்கலாம். இப்போது உங்கள் கையில் இருக்கும் நல்ல விஷயமே நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான். தொழில் நொடித்துக் கடன் நின்றது வேறு, கடனைக் கொடுக்காமல் சொத்தை ஒளித்தது வேறு. கோர்ட் இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

அந்த வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஜெயில் கேள்வியில் தெரியும். பேங்க் லோன் கட்ட முடியாததற்குப் போலீஸ் கைது செய்ய முடியாது. அது சிவில் விஷயம். கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிகிரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) வாங்கி, அதை நிறைவேற்ற மனுப் போட்டு, அதிலும் உங்களிடம் கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை, அல்லது சொத்தை ஒளித்தீர்கள் என்று நிரூபித்தால்தான் சிவில் சிறை என்ற பேச்சே வரும். அதுவும் அதிகபட்சம் மூன்று மாதம். வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. வாட்ஸ்அப்பில் கோர்ட் சீல், அசோகச் சக்கரம் எல்லாம் போட்டு ‘அரெஸ்ட் வாரண்ட்’ என்று வருகிறதே, அப்படி வாரண்ட் வருவதில்லை. அழிக்காமல் எடுத்து வையுங்கள், புகாருக்கு உதவும்.

மனைவியின் பள்ளிக்குப் போன் செய்தது அப்பட்டமான விதிமீறல். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. கடனாளியின் குடும்பத்தார், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. ஏஜெண்ட் செய்யும் தப்புக்கு பேங்கே பொறுப்பு. அதனால் அந்தக் கலெக்‌ஷன் பையனோடு போனில் சண்டை போடாதீர்கள். அவனும் மாதக் கடைசியில் டார்கெட் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். தேதி, நேரம், எந்த நம்பர், என்ன பேசினான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரெக்கார்டிங் இருந்தால் வையுங்கள். தலைமை ஆசிரியை சம்மதித்தால் அவரிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். இதை வைத்து பேங்கின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (பேங்க் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மிரட்டல், ஆபாசப் பேச்சு என்றால் நேராக போலீஸ் ஸ்டேஷன். கடன் வாங்கிய ஒரே காரணத்துக்காக மிரட்டல் புகாரைக் கொடுக்கும் உரிமை போய்விடாது. நீங்கள் கடன் ஆப் எதையும் குறிப்பிடவில்லை. இனிமேல் அவசரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்? போனுக்கு அல்ல, தபாலுக்கு. சத்தமே இல்லாமல் வரும் கவர்கள்தான் உங்கள் வீட்டையும் சம்பளத்தையும் தொடக்கூடியவை. பலர் ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். வாங்காவிட்டால் வழக்கு நிற்கும் என்று நினைப்பு. சரியான முகவரிக்கு வந்து நீங்கள் மறுத்தால், கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். சம்மன் வந்து ஆஜராகாவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி. அது வந்துவிட்டால் 12 வருடம் அதை வைத்து ஜப்தி செய்யலாம்.

முதல் கவர் வீட்டுக்கடனில் வரும். இரண்டு தவணை போயிருக்கிறது. 90 நாள் தாண்டினால் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். அதோடு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் பேங்குக்குக் கிடைத்துவிடும். கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுக்கலாம். 13(2) என்று தலைப்பிட்ட நோட்டீஸ் வந்தால் 60 நாள் கெடு. அந்த 60 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், பேங்க் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் எழுதியாக வேண்டும். இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். 60 நாள் கழிந்து 13(4)-இல் வீட்டின் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் போட்டு ‘பொசஷன்’ எடுப்பார்கள். அந்த நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் சென்னையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நாள் கணக்குத் தவறினால் நல்ல கேஸும் வீணாகிவிடும்.

ஆனால் உங்களுக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்பதால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். கையில் வரும் பணத்தில் வீட்டுத் தவணை முதலில். நிலுவையில் ஒன்றையாவது இந்த மாதம் கட்டி 90 நாளைத் தொடாமல் பாருங்கள். அதே வாரம் பேங்க் மேனேஜரை நேரில் பார்த்து, கடையை மூடியதற்கான ஆதாரம், புதுச் சம்பள ஸ்லிப் இரண்டையும் கொடுத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்னால் பேங்க் மேனேஜருக்கு இருக்கும் மனசும் அதிகாரமும் பிறகு இருக்காது. கிரெடிட் கார்டுக்காரன் தினம் பத்துத் தடவை கூப்பிடுகிறான் என்பதற்காக வீட்டுத் தவணைப் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். சத்தம் போடுகிறவனுக்கு வீட்டை விற்கும் அதிகாரம் இல்லை.

இப்போது அந்தப் புரோநோட்டுக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை இதில்தான்.

கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டை வைத்து வழக்குப் போட, எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. வட்டிக்காரருக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அதனால்தான் நெருக்குகிறார். இந்த மூன்று வருடத்தைப் புதுப்பிக்க அவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நோட்டின் பின்பக்கம் வரவு வைப்பது. ‘இன்ன தேதியில் இன்ன தொகை வரவு’ என்று உங்கள் கையால் எழுதி அல்லது எழுதியதன் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். அதனால்தான், இத்தனை நாள் வட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர் திடீரென்று நோட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டுகிறார். இரண்டாவது வழி, புது நோட்டு. இது இன்னும் ஆபத்து. பாக்கி வட்டியையும் சேர்த்து ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஆறு லட்சத்துக்கோ ஏழு லட்சத்துக்கோ எழுதி வாங்குவார். பழைய நோட்டைக் கிழித்துப் போடுவார். அதோடு நீங்கள் 26 மாதம் கட்டியதெல்லாம் காகிதத்திலிருந்து மறைந்துவிடும். வட்டி அசலாக மாறியது யாருக்கும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 5 ரூபாய் என்றால் மாதம் 20,000. 26 மாதத்தில் 5,20,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்த பிறகும் அசல் 4 லட்சம் அப்படியே நிற்கிறது என்கிறார். வருடத்துக்கு 60 சதவீத வட்டி இது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து கந்துவட்டித் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அரசு நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது அதன்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்திலேயே, கடனாளி அசலையும் நியாயமான வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போடவும் வழி இருக்கிறது. வட்டிக்கு விட லைசென்ஸ் வேண்டும் என்பது 1957 சட்டம். அவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் வட்டியைக் கூகுள் பேயில் அனுப்பிய மாதங்கள் இருந்தால், அந்த பேங்க் ஸ்டேட்மெண்டை உடனே பதிவிறக்கி வையுங்கள். கையில் கொடுத்த மாதங்களில் அன்றைக்கு நீங்கள் ஏ.டி.எம்.மில் எடுத்த தொகை, ‘வாங்கிட்டேன்’ என்று அவர் போட்ட மெசேஜ், எதுவாக இருந்தாலும் சரி. பிறகு, நோட்டில் எதிலும் கையெழுத்து வேண்டாம். ‘வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவரிடம் வாங்கிய அசலை ஏமாற்றச் சொல்லவில்லை. இதுவரை கொடுத்ததைக் கழித்து, உண்மையில் பாக்கி எவ்வளவோ அதைப் பேசித் தீருங்கள். பேசும்போது உங்கள் தரப்பில் கணக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெற்றுச் செக் இரண்டும் அவரிடம் இருப்பதால் ஒரு கெடுபிடி உண்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கில் அவர் தொகை நிரப்பினாலும் அது செல்லாது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கடனுக்காகத்தான் கொடுத்தது என்று சட்டம் முதலில் ஊகிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. பேங்கில் ‘ஸ்டாப் பேமெண்ட்’ சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் தவறு, அப்போதும் வழக்கு வரலாம். செக் திரும்பினால் அவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போட வேண்டும். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எல்லாக் கடன் விவகாரத்திலும் சிறை என்ற சொல்லுக்கு நிஜமான இடம் உள்ளது இங்கேதான். அதனால் அந்த 15 நாளில் கட்டாயம் பதில் நோட்டீஸ் போக வேண்டும். எவ்வளவு கடன், எவ்வளவு கொடுத்தேன், செக் எதற்காக, எப்போது கொடுத்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதைக் குறிக்காமல் முழுத் தொகைக்குச் செக் போட்டால் அந்த வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் கூகுள் பே கணக்கு இந்த இடத்திலும் உயிர் காக்கும். லோன் தவணைக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் திரும்பினாலும் இதே மாதிரி வழக்குக்கு இடம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

மச்சானிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், கம்பெனிக்காரன் போய்ச் சொல்வதற்கு முன்னால். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கடன் வாங்கியவருக்குச் சமமான பொறுப்பாளி. உங்களை முதலில் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும் என்ற விதி இல்லை. பைனான்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பது என்று எழுதியிருப்பார்கள். ஆர்பிட்ரேட்டர் பெயரில் நோட்டீஸ் வரும், பார்த்தால் கோர்ட் சம்மன் மாதிரியே இருக்காது, பலர் குப்பையில் போடுகிறார்கள். அதில் வரும் தீர்ப்பும் கோர்ட் டிகிரி மாதிரியே நிறைவேறும். கம்பெனி தன்னிச்சையாக ஆர்பிட்ரேட்டரை நியமித்திருந்தால் ஆட்சேபிக்க இடம் உண்டு, ஆனால் ஆட்சேபிக்க நீங்கள் அங்கே பதில் போட்டிருக்க வேண்டும்.

அப்படி டிகிரி வந்து சம்பளத்தில் கை வைத்தாலும் முழுச் சம்பளத்தையும் எடுக்க முடியாது. மச்சானின் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மிச்சம் 39,000-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26,000-ஐயும் தொடக் கூடாது. ஜப்திக்கு வருவது 13,000. அதுவும் ஒரே டிகிரிக்கு 24 மாதம்தான். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. உங்கள் சம்பளத்துக்கும் இதே கணக்குதான். மனைவியின் சம்பளம் வீட்டுக்கடனுக்கு மட்டும் பொறுப்பு, அவர் கையெழுத்துப் போட்டது அதில்தான். உங்கள் பர்சனல் லோனுக்கும் கார்டுக்கும் வட்டிக்காரருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய நகை அவருடையது. தாலியைப் பறித்துக்கொள்வோம் என்று யாராவது சொல்லியிருந்தால், சமய வழக்கப்படி ஒரு பெண் பிரிக்க முடியாத ஆபரணத்தையும் சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும் எந்த டிகிரியிலும் ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவே சொல்கிறது.

பர்சனல் லோனும் கார்டும் கடைசி. வீட்டுத் தவணை நிலைக்கு வந்து, வட்டிக்காரர் விஷயம் தெளிந்த பிறகு அங்கே செட்டில்மென்ட் பேசலாம். ‘லோன் செட்டில்மென்ட்’ விளம்பரம் செய்யும் புரோக்கர் கம்பெனிகளுக்கு முன்பணம் கட்ட வேண்டாம், அவர்கள் பேசுவதை நீங்களே பேச முடியும். தொகை ஒப்புக்கொண்டால் பேங்கின் லெட்டர்ஹெட்டில், லோன் நம்பரோடு, இன்ன தேதிக்குள் இன்ன தொகை கட்டினால் கணக்கு முடியும் என்று எழுதி வாங்கிய பிறகே பணம். கலெக்‌ஷன் பையனின் கூகுள் பேயில் அனுப்பாதீர்கள், லோன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஒரு குறி சில வருடம் இருக்கும். அது ஒரு குறைதான், ஆனால் வீட்டை இழப்பதோடு ஒப்பிட முடியாது. லோக் அதாலத் என்று நோட்டீஸ் வந்தால் பயந்து ஓடாமல் போங்கள். அது சமரசம் பேச அழைப்பது. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அது டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஐம்பதாயிரம் கேட்டவருக்குப் பதிலாக, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், ஆகவே வீட்டுக்கடன் விஷயத்தில் மனைவி பெயரில் மனுக் கொடுக்கலாம். போகும்போது வீட்டுக்கடன் ஒப்பந்தம், மற்ற லோன்களின் அனுமதிக் கடிதம், கடைசி மூன்று வருட பேங்க் ஸ்டேட்மெண்ட், வந்த நோட்டீஸ் எல்லாம் அதனதன் கவரோடு எடுத்துப் போங்கள். கவரில் உள்ள தபால் முத்திரைத் தேதியிலிருந்துதான் நாங்கள் நாளை எண்ண ஆரம்பிப்போம். முடிந்தால் மச்சானையும் அழைத்துப் போங்கள்.